பொருள்: உணர்வு மழுங்கலா, மட்டுப்படலா?

அஸ்தம்பட்டி மருந்தாளுநர்:
அனைவருக்கும் வணக்கம். மனச்சோர்வு மாத்திரைக்கான நோயாளர் கைத்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘எமோஷனல் பிளண்டிங்’குக்கு உடனே தமிழ் வேண்டும். எஸ்ஸிட்டலோப்ராம், செர்ட்ரலின் சாப்பிடுவோரில் சிலருக்குத் துக்கத்தோடு சந்தோஷமும் குறைந்துவிடுகிறது. சாவு வீட்டில் கண்ணீர் வராது. பேரப்பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் உள்ளே ஒன்றும் அசையாது. தூக்கக் கலக்கம் வேறு, இது வேறு. இப்போதைக்கு ‘உணர்ச்சி மந்தம்’ என்று போட்டிருக்கிறேன்.

ஆத்தூர் தமிழாசிரியர்:
மந்தம் வேண்டாம் ஐயா. நம் பக்கம் மந்தம் என்றால் வயிற்று மந்தம்தான். அதே தாளில் முதல் இரண்டு வாரக் குமட்டலும் வருகிறதே, இரண்டும் ஒன்றாகிவிடும். தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாட்டில் அழுகையும் உவகையும் சேர்ந்தே அடங்குவதால், ‘மெய்ப்பாட்டொடுக்கம்’.

ஏற்காடு மொழிபெயர்ப்பாளர்:
மெய்ப்பாடு என்பது உள்ளத்தில் உள்ளது உடம்பில் தெரிவது. இங்கே உள்ளத்தில் ஊறுவதே குறைகிறது. ‘உணர்வு மழுங்கல்’ என்போம். காப்பித் தோட்டத்தில் கவாத்துக் கத்தி மழுங்கியது என்றால் விளக்கம் கேட்க ஆளில்லை. தீட்டினால் கூர் திரும்பும்; இதுவும் மருந்தின் அளவைக் குறைத்தால் பலருக்குக் குறையும்.

ஆத்தூர் தமிழாசிரியர்:
மழுங்கு, மழி, மழலை மூன்றுக்கும் வேர் ஒன்றென்பது என் துணிபு. மழலை கூர்படாத சொல். மழித்தல் மேட்டைச் சமனாக்கல். மழு என்ற கோடரிப் படை மட்டும் இடறுகிறது; அது கூரானதாயிற்றே. அது கூர்மைக்கு வந்த பெயரன்று, அகன்ற வாய்க்கு வந்தது என்று கொண்டால்...

அஸ்தம்பட்டி மருந்தாளுநர்:
வேர் பிறகு பார்ப்போம் ஐயா. மழுங்கல் என்று படித்ததும் ‘புத்தி மழுங்கிடுமா?’ என்றுதான் கேட்பார்கள். பயந்து சட்டென்று நிறுத்தினால் சில நாளில் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்தாற்போல் ஒரு வெட்டு. இதே வகை மாத்திரையான பராக்ஸெடினில் பாதி 21 மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடுவதால் அதில் தொல்லை கூடுதல். ஃப்ளுஆக்ஸெடின் வாரக்கணக்கில் தங்குவதால் குறைவு. இன்னொன்று: மூளையில் சேதி கடத்தும் செரட்டோனினை நரம்பணுக்கள் திரும்ப உறிஞ்சுவதை மாத்திரை முதல் நாளே தடுத்தாலும் மனம் தெளிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு இன்னும் கூட, ஆகும். முதல் வாரத்தில் விட்டவருக்குக் குமட்டல்தான் மிச்சம். அதனால் ‘உணர்வு மட்டுப்படல்’ என்கிறேன்.

ஏற்காடு மொழிபெயர்ப்பாளர்:
காய்ச்சல் மட்டுப்பட்டது என்றால் நல்ல சேதி. பக்கவிளைவுக்கு அந்தச் சொல் வந்தால் டாக்டரிடம் சொல்லவே மாட்டார்கள். ஆசிரியரும் நானும் மழுங்கலுக்கு ஒப்பியாயிற்று. அடியில் இப்படிப் போடலாம்: ‘சந்தோஷம், துக்கம் இரண்டும் மனதில் தைக்காத நிலை. புத்தியைப் பற்றியதன்று. நீங்களாக நிறுத்தாதீர்கள்; டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார்.’

அஸ்தம்பட்டி மருந்தாளுநர்:
அந்த அடிக்குறிப்பு தலைப்புக்கு நேர் கீழே, அதே எழுத்தளவில் வருவதானால் அச்சுக்கு அனுப்புகிறேன். சொல்லுக்கு என் ஒப்புதல் இல்லை.