வீட்டு ரோஜாக்களை ஜாடியில் அடுக்க யோசனை சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள், வீட்டிலேயே விருந்து. மாடித்தோட்டத்தில் அம்மா வளர்த்த ரோஜாக்களை வைத்தே கூடத்தை அலங்கரிக்க ஆசை. கடைப் பூ வேண்டாம்.

பன்னீர் ரோஜாதான் அதிகம். வாசனைக்கு அதற்கு ஈடே கிடையாது. ஆனால் காம்பு குட்டை, பறித்த மறுநாளே இதழ் கொட்டிவிடும். அதைப் பித்தளை உருளியில் மிதக்க விடப்போகிறேன், உதிர்ந்தாலும் அழகுதான். சரி, அது முடிந்தது.

சிக்கல் நீளக்காம்பு சிவப்பு ரோஜாவில். விடியற்காலையில், வெளி இதழ்கள் லேசாக விரியும்போதே வெட்டுகிறேன். காம்பைத் தண்ணீருக்குள் வைத்துச் சாய்வாக நறுக்கி, நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, தினமும் தண்ணீர் மாற்றுகிறேன். அப்படியும் சில பூக்கள் மாலைக்குள் கழுத்து தொங்கிவிடுகின்றன. காம்பில் காற்று அடைத்தால் இப்படி ஆகும் என்பதால், திரும்ப நறுக்கி, வாளித் தண்ணீரில் கழுத்துவரை நிற்க வைக்கிறேன். பாதி நிமிர்கின்றன. மீதிக்கு என்ன செய்வது?

அப்புறம், வாய் அகன்ற ஜாடியில் பூக்கள் ஓரமாகச் சாய்கின்றன. பூக்கடைப் பச்சை ஸ்பாஞ்ச் மட்கவே மட்காது, அதனால் அது வேண்டாம். கோழிவலையைச் சுருட்டி உள்ளே வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? கண்ணாடி ஜாடியில் வலை தெரியாமல் எப்படி மறைப்பது? தண்ணீரில் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலப்பவர்கள் அளவு சொல்லுங்கள். துணைக்கு மருக்கொழுந்து வைத்தால் ரோஜா வாசனையை அமுக்கிவிடுமா?

நீங்கள் அடுக்கிய படம் இருந்தால் போடுங்கள். சனிக்கிழமை மாலைக்குள் கிடைத்தால் பெரிய உதவி.