காளை இல்லாத ரிஷபவாகனர்: தஞ்சைக் கலைக்கூடத்தில் கண்டவை

தஞ்சாவூருக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பெரிய கோயிலைப் பார்த்து முடித்த பிறகு நேரம் மிஞ்சினால் மட்டுமே அரண்மனைப் பக்கம் வருகிறார்கள். வந்தாலும் தர்பார் மண்டபத்தையும் சரசுவதி மகாலையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதே வளாகத்தில் உள்ள ராஜராஜ சோழன் கலைக்கூடத்துக்கு ஒரு முற்பகல் முழுவதையும் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. சென்ற மார்கழியில் என் அத்தையை அழைத்துக்கொண்டு அங்கே சென்றிருந்தேன். சீர்காழிப் பக்கத்தில் பிறந்து, சுற்றுவட்டாரக் கோயில் திருவிழாக்களிலேயே வளர்ந்தவர் அவர். அவருடைய கண்ணால் பார்க்க நேர்ந்ததால், முன்பு கவனிக்காமல் கடந்த பலவற்றை இம்முறை நின்று பார்த்தேன்.

கலைக்கூடம் உருவான கதையே சுவையானது. தஞ்சைக்கு அருகிலுள்ள கரந்தட்டான்குடியில் இருந்த ஒரு பிரம்மன் சிலையை வெளியூருக்குக் கொண்டுசெல்ல 1951-இல் முயற்சி நடந்தபோது ஊர் மக்கள் திரண்டு தடுத்தார்கள். அன்று மாவட்ட ஆட்சியராக இருந்த டி. கே. பழனியப்பன், அந்தச் சிலையையும், மாவட்டத்தில் வழிபாடின்றிக் கேட்பாரற்றுக் கிடந்த மற்றச் சிலைகளையும் திரட்டி வைக்க அரண்மனையிலேயே ஓர் இடத்தை ஏற்படுத்தினார். ‘எங்கள் சிலை எங்கள் ஊரிலேயே இருக்கட்டும்’ என்று மக்கள் மல்லுக்கு நின்றதால் பிறந்த காட்சிக்கூடங்கள் நம் நாட்டில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. அந்த நான்முகன் இன்றும் இங்கேதான் இருக்கிறார்.

கற்சிற்பங்களில் தாராசுரத்திலிருந்து வந்தவற்றுக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றோம். இரண்டாம் ராஜராஜன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலைச் சேர்ந்த கஜசம்ஹாரமூர்த்தி, கருங்கல்லில் அமைந்த பன்னிரண்டாம் நூற்றாண்டுப் படைப்பு. யானையைக் கிழித்து அதன் தோலைப் பின்னால் விரித்தபடி சிவன் சுழன்றெழும் வேகத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். புகைப்படங்களிலும் அதுதான் எடுப்பாகத் தெரியும். என் அத்தையோ சிவனை விட்டுவிட்டு, பக்கத்தில் சிறியதாக நிற்கும் உமையிடம் போய்விட்டார். குழந்தை முருகனை அணைத்துக்கொண்டு, அந்தக் கோரக் காட்சியிலிருந்து விலகித் திரும்பும் தாயின் உடம்பில் அச்சம் அப்படியே உறைந்திருக்கிறது. “புருஷன் சம்ஹாரம் பண்ணினாலும், பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறவளுக்குப் பயம் பயம்தானே” என்றார். சிற்பியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். இறைவனின் வீரத்தைச் சொல்ல வந்தவன் அதை அளந்து காட்ட மனைவியின் நடுக்கத்தைப் பயன்படுத்தியிருக்கிறான். தாராசுரக் கோயிலை முதலில் பார்த்துவிட்டு இங்கே வருவது நல்லது. இவை எவ்வளவு நெருக்கமான சிற்பக் கூட்டத்தின் நடுவே இருந்தவை என்பது அப்போதுதான் புரியும்.

செப்புத் திருமேனிகள் இருக்கும் பகுதிக்குள் நுழையும் முன் அத்தை செருப்பைக் கழற்றினார். காவலுக்கு நின்றவர், “செருப்போடயே போகலாம்மா” என்றார். “நீங்க சொல்றது சரிதான், ஆனா எனக்குக் கால் வரலை” என்று சிரித்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். காவலரும் அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

இங்குள்ள திருமேனிகளில் தலையாயவை சீர்காழிக்கு அருகிலுள்ள திருவெண்காட்டிலிருந்து கிடைத்தவை. மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் புதைந்திருந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளிப்பட்டவை அவை. காளையை வாகனமாகக் கொண்ட சிவனின் திருமேனியான ரிஷபவாகனர் முதலாம் ராஜராஜனின் 26-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1011-இல், எழுந்தருளுவிக்கப்பட்டதையும், அடுத்த ஆண்டு தேவியின் திருமேனி செய்யப்பட்டதையும் கோயில் கல்வெட்டுகளால் அறிகிறோம். சோழர் செப்புத் திருமேனிகளில் பெரும்பாலானவற்றின் காலத்தைப் பாணியை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். ஆண்டு இவ்வளவு திட்டமாகத் தெரிவது அரிது.

ஏறத்தாழ மூன்றரை அடி உயரமுள்ள அந்த ரிஷபவாகனரிடம் சூலமும் இல்லை, மழுவும் இல்லை, மானும் இல்லை. இரண்டே கைகள். சடையைப் பாம்புகளோடு சேர்த்துத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டியிருக்கிறார். ஒரு காலில் உடலின் பாரத்தைத் தாங்கி, மறு காலை அதற்குக் குறுக்கே வைத்து, ஒரு கையை மடக்கி நீட்டியபடி நிற்கிறார். அந்தக் கை காளையின் மேல் சாய்ந்திருந்த கை, காளை கிடைக்கவில்லை. ஆனாலும் முழங்கை எந்த உயரத்தில் நிற்கிறது, விரல்கள் எப்படித் தளர்ந்து தொங்குகின்றன, இடுப்பு எந்தப் பக்கம் ஒடிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால் அந்தக் காளை எவ்வளவு உயரம், எங்கே நின்றது என்பதை நாமே சொல்லிவிடலாம். ஊன்றிக்கொள்ள ஒன்றுமில்லாத கை விறைத்துத் தெரிய வேண்டும். இந்தக் கையில் விறைப்பே இல்லை. காளையை வார்த்த பிறகு அதன் மேல் கையைப் பொருத்தியதாகத் தோன்றவில்லை. சாய்ந்து நிற்கும் ஓர் இளைஞனை முதலில் மனத்தில் முழுதாகக் கண்ட பிறகே மெழுகில் கைவைத்திருக்கிறான் சிற்பி. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றிய பின் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க முடியும் என்பதால், இப்படி ஒன்றுக்கு அச்சு அசலாக இன்னொன்று கிடையாது. மெழுகில் விட்ட பிழை உலோகத்திலும் நிற்கும்.

கோயிலில் இவரை இப்படிப் பார்த்திருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். உற்சவமூர்த்தி புறப்படும்போது பட்டு, பூமாலை, நகை எல்லாம் சாத்தி முகமும் கைகளும் மட்டுமே தெரியும். முதுகின் நெளிவையும் முழங்காலின் வழவழப்பையும் அர்ச்சகரைத் தவிர யாரும் அருகில் நின்று பார்ப்பதில்லை. கண்ணில் படாது என்று தெரிந்தும் முதுகுப்புறத்தை இவ்வளவு நேர்த்தியாக முடித்திருக்கிறார்கள். இப்படி அலங்காரமின்றி நிறுத்தி வைப்பது முறையல்ல என்று வருந்துபவர்களை நான் அறிவேன்; அவர்களின் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் சிற்பியின் முழு வேலையையும் அவன் காலத்துப் பக்தர்களைவிட நாம்தான் அதிகமாகப் பார்க்கிறோம்.

அத்தையின் கவனம் பீடத்தில் இருந்தது. தாமரைப் பீடத்துக்குக் கீழே சதுரப் பீடத்தில் உள்ள துளைகளைக் காட்டி, கழி செருகிக் கட்டுவதற்காக விட்டவை என்றார். அவர் சிறுமியாக இருந்தபோது சீர்பாதம் தாங்கிகள் சுவாமியைத் தோளில் ஏற்றும் முன் அந்தக் கட்டுகளை இழுத்துச் சரிபார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பாராம். திருமேனியைச் சுற்றி வளைவாக நிற்கும் திருவாசியைப் பொருத்துவதற்கான முளைகளையும் அவரே காட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு திருமேனியிலும் முதலில் பீடத்தைத்தான் பார்த்தேன். எது வீதிவலம் வந்தது என்பது அதில் தெரிந்துவிடுகிறது.

திருவெண்காட்டுக் கல்யாணசுந்தரர் தொகுதியில் மணமகன் மணமகளின் கையைப் பற்றியிருக்க, திருமால் தாரை வார்த்துக் கொடுக்கிறார். திருமகள் தோழியாக உடன் நிற்கிறாள். பார்வதியின் தலை சற்றே தாழ்ந்திருப்பதை அத்தை வெகுநேரம் பார்த்தார். நான்கு பேரின் உயரத்தையும் நிற்கும் விதத்தையும் வைத்தே யார் யாருக்கு என்ன உறவு என்று ஊகித்துவிட முடிவது இந்தத் தொகுதியின் தனிச் சிறப்பு.

நாயக்கர் தர்பார் மகாலில் இரண்டாம் சரபோஜியின் வெள்ளைப் பளிங்குச் சிலை ஒன்று உண்டு. ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மேன் செய்தது. கைகூப்பி நிற்கும் மன்னர், மேல்நோக்கிக் கூம்பிய தலைப்பாகை, மடிப்பு மடிப்பாக இறங்கும் உடை என எல்லாம் கச்சிதமாகவே இருக்கின்றன. ஆனாலும் சோழர் செம்புகளைப் பார்த்த கண்ணுக்கு அது சற்று ஆறிப்போனதாகவே பட்டது.

திருவெண்காட்டின் செல்வம் முழுவதும் தஞ்சையில் இல்லை. புகழ்பெற்ற அர்த்தநாரீசுவரர் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் இருக்கிறார். ஆண்பாதிக்கு இரண்டு கைகளும் பெண்பாதிக்கு ஒரே கையுமாக அமைந்தவர் அவர். இரண்டையும் அதிக இடைவெளியின்றிப் பார்க்க முடிந்தால் நல்லது. அத்தைக்கு எழும்பூர் வரை வர விருப்பமில்லை. புதன் தலமாகத்தான் இதுவரை போய்வந்த திருவெண்காட்டுக்கு, கல்வெட்டு எந்தச் சுவரில் இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு முறை போக வேண்டும் என்கிறார். தை பிறந்ததும் போவதாக இருக்கிறோம்.