ஈட்டி எறிபவரின் தோள் வலிமையை எப்படி அளப்பது?

நான் பயிற்சி தரும் 19 வயதுப் பெண் 600 கிராம் ஈட்டி எறிகிறாள். ஆறு வாரமாகத் தூரம் குறைந்துகொண்டே வருகிறது. வலி இல்லை, மருத்துவர் பார்த்ததில் காயமும் இல்லை.

பெஞ்ச் பிரஸ் எடை குறையவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து 2 கிலோ மெடிசின் பந்தை மார்பிலிருந்து தள்ளச் சொன்னேன், பழைய தூரம்தான். தண்டால் நிலையில் 91 செ.மீ. இடைவெளிக் கோடுகளை 15 விநாடி மாறி மாறித் தொடும் சோதனையிலும் மாற்றமில்லை. இவையெல்லாம் தள்ளும் வலிமையைத்தானே காட்டும்? எறிந்த கையைப் பிடித்து நிறுத்துவது தோளின் பின்புறத் தசைகள். வீடியோவில், ஈட்டியை விட்டதும் அவள் கை குறுக்கே வந்து தொய்ந்து விழுகிறது.

தசை தரும் விசையை அளக்கும் கையடக்கக் கருவி (டைனமோமீட்டர்) இரவல் கிடைத்திருக்கிறது. அந்தப் பின்புறத் தசைகள் செய்யும் வெளிச்சுழற்சி, அதாவது மேற்கையை வெளிப்பக்கமாகத் திருப்பும் வலிமையை, மேற்கையை உடலோடு ஒட்டி வைத்து அளப்பதா, பக்கவாட்டில் 90 பாகை உயர்த்தி அளப்பதா? எறிபவர்களிடம் அளந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.