ஐரிஷ் பாட்டுக்குப் பிடில் துணை: நிஷாதம் உரசுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். 1909-இல் ஹெர்பர்ட் ஹியூஸின் தொகுப்பில் வெளிவந்த 'ஷி மூவ்டு த்ரூ த ஃபேர்' என்ற ஐரிஷ் பாட்டுக்குப் பிடில் வாசிக்கிறேன். பாடுபவர் கால்வேயில் வசிக்கும் தோழி. பாட்டு மிக்ஸோலிடியன் முறையில், அதாவது நம் ஹரிகாம்போதியின் சுரங்களில் அமைந்தது. அவர் சி-யை ஆதாரமாக வைத்து, தாளக்கட்டு இல்லாமல், சரணத்துக்குச் சரணம் அசைவுகளை மாற்றிப் பாடுகிறார். அந்த அழகு என் வில்லால் குலைந்துவிடக் கூடாது.

மெட்டை அப்படியே உடன் வாசித்தால் இருவரின் அசைவுகளும் மோதுகின்றன. நான்கு தந்திகளையும் ஒரு முழுச்சுரம் இறக்கி, விரல் வைக்காத தந்திகளில் சி, ஜி (அதாவது ஸ, ப) இரண்டையும் சுருதியாக இழுத்தபோது, நாதம் சற்று மங்கினாலும் குரலுக்கு நல்ல தாங்கல் கிடைத்தது. ஆனால் சுருதி மட்டுமே நீளும்போது பாட்டு அசையாமல் நிற்கிறது. இந்தப் பாட்டின் நிஷாதமான பி பிளாட்டைச் சேர்த்தாலோ, அவர் அந்த நிஷாதத்தைச் சற்று உயர்த்தியே பிடிப்பதால், வரி முடியும் இடத்தில் தெளிவாக உரசுகிறது. சரணங்களுக்கு இடையில் மட்டும் வாசிப்பதையும் முயன்றோம். உரசல் போயிற்று, துணையும் போயிற்று.

அடுத்த மாதம் ஒரு சிறு கூடத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் பாட இருக்கிறோம். குரல் நிஷாதத்துக்கு வரும்போது பிடில் சி, ஜி சுருதியிலேயே நிற்க வேண்டுமா, அல்லது விரலைச் சற்று நகர்த்தி, அவர் பிடிக்கும் உயர்ந்த சுரஸ்தானத்தைத் தொடர வேண்டுமா?