போர்க் சாப்ஸுக்கு வீட்டில் செய்யும் ஊறல்: புளிப்பா, உப்பா?

அகப்பை:
குப்பியில் அடைத்து விற்கப்படும் மேரினேட் கலவைகளில் இனிப்பு தூக்கலாக இருப்பதால், போர்க் சாப்ஸுக்கான (பன்றியின் முதுகுப் பகுதி இறைச்சித் துண்டுகள்) ஊறலை வீட்டிலேயே தயாரிக்க விரும்புகிறேன். துண்டுகள் எலும்புடன் கூடியவை, ஏறத்தாழ 2.5 செ.மீ. தடிமன், மொத்தம் ஒரு கிலோ. நான் குறித்து வைத்திருக்கும் முறை இது: அரைக் கோப்பை வினிகர், கால் கோப்பை எண்ணெய், நசுக்கிய பூண்டு, மிளகு, ஒரு மேசைக்கரண்டி தேன், ஒரு தேக்கரண்டி உப்பு. இவற்றைக் கலந்து, இறைச்சியை இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் ஊற வைத்து, மறுநாள் வாணலியில் வாட்ட வேண்டும். இதில் மாற்ற வேண்டியவை இருந்தால் சொல்லுங்கள்.

உப்புக்கல்:
வினிகரையும் இரவு முழுவதும் ஊற வைப்பதையும் கைவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. நீங்கள் எழுதியிருக்கும் பொருள்களில் இறைச்சியின் உட்பகுதி வரை செல்லக்கூடியது உப்பு ஒன்றுதான். பூண்டு, மிளகு, எண்ணெய் ஆகியவற்றின் மணம் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டருக்குள்ளேயே நின்றுவிடும். உப்போ, தசை இழைகளில் உள்ள மயோசின் என்னும் புரதத்தில் ஒரு பகுதியைக் கரைத்து, வேகும்போது இழைகள் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றுவதைக் குறைக்கிறது. சாப்ஸ் வெட்டப்படும் முதுகுப் பகுதியில் கொழுப்பு குறைவு என்பதால், ஈரத்தைக் காப்பதுதான் இங்கே தலையாய வேலை. ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஊற வையுங்கள். நீரே வேண்டாமென்றால், ஒரு கிலோ இறைச்சிக்கு 12 கிராம் உப்பை நேரடியாகத் தடவி, மூடாமல் குளிரில் வைத்தாலும் போதும். மசாலாவை வாட்டுவதற்குச் சற்று முன் பூசிக்கொள்ளலாம்.

காடிச்சாடி:
நண்பர் உப்புக்கல் சொல்வதை ஏற்றுக்கொண்டால் உலகில் ஊறல் என்ற ஒன்றே தேவையில்லை என்றாகிவிடும். மணம் சில மில்லிமீட்டர்தான் செல்கிறது என்பது உண்மையே. ஆனால் பேச்சு ஒரு முழுத் தொடையைப் பற்றியதன்று, 2.5 செ.மீ. துண்டைப் பற்றியது. இரு பக்கமும் 3 மி.மீ. ஊறினால், 25 மி.மீ. தடிமனில் 6 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட கால் பங்கு ஊறல் ஏறியதாகிவிடுகிறது. நாக்கு முதலில் தொடுவதும் அந்தக் கால் பங்கைத்தான். மேலும், உப்புநீரில் ஊறிய துண்டில் தங்குவது பெரும்பாலும் நீங்கள் ஊற்றிய நீரே. இறைச்சியின் சாறு நீர்த்து, பதப்படுத்திய இறைச்சியைப் போன்ற ஒரு வழவழப்பு வந்துவிடுகிறது என்பது என் நெடுநாள் குறை. அகப்பை அவர்களுக்கு நான் சொல்வது: வினிகரைக் கால் கோப்பையாகக் குறைத்து, எண்ணெயை அரைக் கோப்பையாகக் கூட்டி, இரண்டு மணி நேரம் ஊற விடுங்கள். இரவு முழுவதும் வைத்தே ஆக வேண்டுமென்றால் வினிகருக்குப் பதில் தயிரைச் சேருங்கள். அதன் மென்மையான புளிப்பு அத்தனை நேரத்தையும் தாங்கும்.

உப்புக்கல்:
கணக்குச் சரிதான், ஆனால் அந்தக் கால் பங்கு எந்த நிலைக்கு வருகிறது என்பதைக் கணக்கு சொல்வதில்லை. வினிகரோ எலுமிச்சைச் சாறோ நேரடியாகப் படும் புரதம், வெப்பம் படாமலே வெந்ததைப் போல உருமாறி வெளுத்து, நேரம் கூடக் கூட மாவுபோல உதிரும் தன்மையை அடைகிறது. தயிரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பன்றி இறைச்சியின் இயல்பான பி.எச். மதிப்பு (புளிப்பை அளக்கும் எண்; அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏறத்தாழ 5.6, அதை இன்னும் சற்றுக் கீழிறக்கி 5-ஐ ஒட்டிக் கொண்டுவரும்போதுதான் தசைப் புரதங்களின் நீர் பிடிக்கும் ஆற்றல் மிகவும் தாழ்ந்திருக்கும். மென்மையான புளிப்பு என்பதாலேயே அது தீங்கற்றது என்று கொள்ள முடியாது. நீர்த்துப்போகும் என்ற குறைக்குத்தான் நேரடியாக உப்பைத் தடவும் வழியையும் எழுதியிருந்தேன். அதை நீங்கள் தொடவே இல்லை.

காடிச்சாடி:
தொடாததற்குக் காரணம், அதில் எனக்கு மறுப்பு இல்லை என்பதுதான். ஆனால் பி.எச். கதையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. 5-க்கும் நன்றாகக் கீழே இறங்கினால் அதே புரதங்கள் மீண்டும் நீரை ஏற்று உப்பத் தொடங்குகின்றன; வினிகர் ஊறலின் மேற்பரப்பில் நடப்பது அதுவே. கேடு செய்வது புளிப்பின் அளவும் நேரமும்தான், புளிப்பு என்ற பொருளே அன்று. புளிப்போடு உப்பும் தக்க அளவில் சேர்ந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. சோயா சாஸை எடுத்துக்கொள்ளுங்கள்: 60 மி.லி.யில் சுமார் 9 கிராம் உப்பு இருக்கிறது, அதோடு குளூட்டமேட் என்னும் சுவையூட்டும் பொருளின் சுவையும் கிடைக்கிறது. அதில் பூண்டும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்த்தால், உங்கள் உப்பும் என் ஊறலும் ஒரே பாத்திரத்தில் அடங்கிவிடும்.

தணல்:
இருவரும் ஊறலிலேயே நிற்கிறீர்கள். துண்டு வறண்டுபோவதற்கு முதற்காரணம் அடுப்பில் இருக்கிறது. பன்றி இறைச்சியை 71 டிகிரி செல்சியஸ் வரை வேக வைக்க வேண்டும் என்று சொல்லிவந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, 2011-இல் முழுத் துண்டுகளுக்கான வரம்பை 63 டிகிரியாகக் குறைத்து, இறக்கிய பின் மூன்று நிமிடம் ஆற விட வேண்டும் என்று திருத்தியது. கொத்திய இறைச்சிக்குப் பழைய வரம்பே தொடர்கிறது. வெப்பமானி இல்லாமல் 75 டிகிரியைத் தாண்டவிட்ட துண்டை எந்த ஊறலும் காப்பாற்றாது. இன்னொன்று: ஈரமான மேற்பரப்பு, நீர் ஆவியாகி முடியும் வரை 100 டிகிரியைத் தாண்டாது, பொன்னிறமாகச் சிவக்க 140 டிகிரி அளவாவது வேண்டும். ஆகவே ஊறலிலிருந்து எடுத்ததும் துண்டை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். தேன் விரைவில் கருகிக் கசக்கும் என்பதால் அதை ஊறலில் சேர்க்காமல், வெந்து முடியும் தறுவாயில் மேலே தடவுங்கள்.

காடிச்சாடி:
தடித்த துண்டுக்கு இது முற்றிலும் பொருந்தும். ஒரு செ.மீ. தடிமனுள்ள மெல்லிய சாப்ஸில் வெப்பமானியின் முனையை நடுவில் நிறுத்துவதே பெரும்பாடு. அது சிவப்பதற்குள் வெந்தும் விடும். அங்கே சுவையின் பெரும்பகுதியைத் தருவது ஊறல்தான். அரை மணி நேரமே போதும்.

அகப்பை:
அன்னாசிச் சாறு சேர்த்தால் இறைச்சி மிருதுவாகும் என்று பலரும் சொல்கிறார்களே, அதைச் சேர்க்கலாமா? ஊறிய பின் மிஞ்சும் கலவையைக் குழம்பாகக் காய்ச்சிக்கொள்ளலாமா என்பதையும் சொல்லுங்கள்.

உப்புக்கல்:
புதிய அன்னாசியில் புரோமிலைன், பச்சைப் பப்பாளியில் பப்பைன் என்று புரதத்தை அறுக்கும் நொதிகள் உண்டு. புதிய இஞ்சியிலும் இப்படி ஒன்று இருக்கிறது. அவையும் மேற்பரப்பிலேயே வேலை செய்வதால், அரை மணி நேரத்தைத் தாண்டினால் வெளிப்புறம் குழைந்து, உள்ளே எப்போதும்போல இருக்கும். டின்னில் அடைத்த அன்னாசி சூடாக்கப்பட்டிருப்பதால் அதன் நொதி செயலிழந்திருக்கும். அதில் கிடைப்பது இனிப்பும் புளிப்பும் மட்டுமே. முதுகுப் பகுதி இயல்பிலேயே மிருதுவானது, அதற்கு நொதி எதற்கு என்பதே என் கேள்வி. வாங்கும்போது உறையையும் படித்துவிடுங்கள்: உப்புக் கரைசல் ஏற்றப்பட்டது என்று அச்சிட்டிருந்தால், நான் சொன்ன உப்பு அளவு எதுவும் அந்த இறைச்சிக்குப் பொருந்தாது, கரித்துவிடும்.

தணல்:
மிஞ்சும் கலவையில் பச்சை இறைச்சியின் நீர் கலந்திருக்கும். நன்றாகக் கொதிக்க வைக்காமல் அதைத் தொடவே கூடாது. கொதித்த பின்னும் பெரும்பாலும் திரிந்து, உப்புக் கரித்துத்தான் இருக்கும். இறைச்சியைச் சேர்க்கும் முன்பே ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடுவது எளிது. ஊற வைப்பது 4 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த குளிரில், கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் நடக்கட்டும். அலுமினியத்தைப் புளிப்பு அரிக்கும்.

அகப்பை:
நன்றி. அப்படியானால் 60 மி.லி. சோயா சாஸ், கால் கோப்பை எண்ணெய், பூண்டு, மிளகு ஆகியவற்றைக் கலந்து, அதில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் ஊற வைக்கிறேன். எலுமிச்சையை எப்போது சேர்ப்பது என்பதில்தான் இன்னும் தெளிவில்லை.

உப்புக்கல்:
வெந்து, ஆறிய பிறகு பிழியுங்கள். புளிப்பின் வாசம் முழுவதும் நாக்குக்குக் கிடைக்கும், புரதத்துக்கும் கேடில்லை.

காடிச்சாடி:
பாதியை ஊறலின் கடைசி அரை மணி நேரத்தில் சேருங்கள், மீதியை அவர் சொன்னபடி பிழியுங்கள். இரண்டு துண்டுகளை எலுமிச்சை சேர்க்காமல் தனியே ஊற வைத்து, அருகருகே வைத்துச் சுவைத்துவிட்டு எழுதுங்கள்.