ஃபைலோபி ஸ்கோர் கூடினால் நோய் வாய்ப்பும் கூடுமா?

ஈசூன்வாசி:
வலிப்பு, பார்கின்சன் இரண்டுக்கும் முழு ஜீனோம் விசிஎஃப் கோப்புகள் (ஒருவரின் டிஎன்ஏ மாற்றங்களின் பட்டியல்), ஜிஆர்சிஎச்38 (மனித ஜீனோமின் மேற்கோள் பதிப்பு). புரதம் எழுதாத பகுதியில் மாற்றங்கள் லட்சக்கணக்கில். 240 பாலூட்டிகளை ஒப்பிட்டு, ஓர் எழுத்து பரிணாமத்தில் எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்று சொல்லும் ஃபைலோபி ஸ்கோரில் 2.27-க்கு மேல் உள்ளதை மட்டும் எடுத்தால் போதுமா? வலிப்போடு தொடர்புள்ள எஸ்சிஎன்1ஏ மரபணுவில், புரதம் எழுதும் எக்ஸானுக்குள்ளேயே ஸ்கோர் தாறுமாறாக வருகிறதே, ஏன்?

கோடான்கிறுக்கன்:
ஓர் எழுத்து நகர்ந்திருக்கும். விசிஎஃப் 1-இல் எண்ணத் தொடங்கும், ஜீனோம் இடங்களைக் குறிக்கும் பெட் கோப்பு 0-இல். இடம் 1000 என்றால் பெட்டில் 999, 1000 என்று இருக்க வேண்டும். எக்ஸானில் 30 எழுத்தை வரிசையாக அச்சிட்டுப் பாருங்கள்: ஒரு கோடானுக்கு (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று எழுத்து) இரண்டு மேடு, ஒரு பள்ளம். மூன்றாவது எழுத்து மாறினாலும் பெரும்பாலும் அதே அமினோ அமிலம்தான், அதனால் அங்கே பள்ளம். எஸ்சிஎன்1ஏ எதிர் இழையில் இருக்கிறது, பின்னிருந்து படியுங்கள் (இதில் தடுமாறாதவர் குறைவு). மேடு பள்ளமே தெரியாவிட்டால் எங்கோ பழைய ஜீனோம் பதிப்பான எச்ஜி19-இன் எண்கள் கலந்திருக்கின்றன.

2.27 என்பது தவறான கண்டுபிடிப்பு விகிதம் 5% என்று வைத்த கோடு. அந்த இடத்தை இயற்கைத் தேர்வு காத்தது என்பதற்குத்தான் சான்று, நோய்க்கு இல்லை.

அங்மோகியோ_லேப்:
இரண்டு நோய்க்கும் ஒரே வடிகட்டி வேண்டாம். வலிப்புக்குப் பொருந்தும். எஸ்சிஎன்1ஏ இன்ட்ரானுக்குள் (எக்ஸான்களுக்கு இடையே இருந்து, வெட்டி நீக்கப்படும் பகுதி) 20என் என்ற 'விஷ எக்ஸான்' நன்றாகக் காக்கப்பட்ட பகுதி. அங்கே வரும் சில மாற்றங்களால் அந்தத் துண்டு ஆர்என்ஏவில் சேர்ந்து, பாதியில் நிறுத்தக் குறி விழுந்து, புரதம் குறைகிறது. டிராவெட் நோய்க்கு (குழந்தைப் பருவத்தில் தொடங்கும் கடும் வலிப்பு) இதுவும் ஒரு வழி.

பார்கின்சன் பெரும்பாலும் பிள்ளைகள் பெற்று முடித்த வயதில் வருவது. தேர்வின் பிடி தளர்ந்த இடம், ஸ்கோரும் அதிகம் பேசாது. நாட்ச்2என்எல்சி மரபணுவில் ஜிஜிசி விரிவு (அந்த மூன்றெழுத்து அளவுமீறித் திரும்பத் திரும்ப வருவது) 2019-இல் ஜப்பானிய, சீனக் குடும்பங்களில் தெரியவந்தது, பார்கின்சன் போன்ற அறிகுறிகளும் உண்டு. நம் சிங்கப்பூரில் இதை விடக்கூடாது. மனிதருக்கே உரிய மரபணு அது. மற்றப் பாலூட்டிகளில் ஒப்பிட ஆளே இல்லை. 60 தடவை என்றாலே 180 எழுத்து, 150 எழுத்து ரீடு (கருவி ஒரே மூச்சில் படிக்கும் துண்டு) தாண்டாது. நீளத் துண்டுகளைப் படிக்கும் லாங் ரீடு, அல்லது இப்படித் திரும்ப வரும் எழுத்துகளைக் கண்டறியும் ரிபீட் பிரைம்டு பிசிஆர் வேண்டும்.

சிங்கப்பூர் மக்களின் ஜீனோம் தொகுப்பான எஸ்ஜி10கே-யின் 4,810 பேரில் மலாய்க்காரர் 903 பேர், 1,806 குரோமோசோம். ஒரே ஒருவரிடம் ஒரு பிரதி இருந்தாலே 0.055%. 'அரிய மாற்றம்' என்பதற்கு 0.01% என்று கோடு போட்டால் அந்தப் பட்டியலில் கண்ட எதுவுமே தேறாது.

ஈசூன்வாசி:
பெட் தொடக்கமும் முடிவும் 1 கூடியிருந்தன. இப்போது மேடு பள்ளம் தெரிகிறது. பல எழுத்து நீக்கங்களுக்கு எந்த ஸ்கோர்?

கோடான்கிறுக்கன்:
நீங்கிய எழுத்துகளில் உச்சத்தையும் சராசரியையும் தனித்தனியாக எடுங்கள். விசிஎஃப்பில் முன்னால் ஒட்டிவரும், நீங்காத எழுத்தைச் சேர்க்காதீர்கள்.