சங்கத்தில் செயலாளராக இருக்கச் சொல்கிறார்கள், எனக்கு ஆட்டிசம். ஒப்புக்கொள்ளலாமா?

உசிலம்பட்டிக்காரன்:

வணக்கம். வயது 24. பி.காம். முடித்துவிட்டு ஊரிலேயே ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு ஆட்டிசம் என்பது கல்லூரி இரண்டாம் ஆண்டில்தான் உறுதியானது. அதுவரை வீட்டில் "ஒரு மாதிரி", பள்ளியில் "திமிர் பிடித்தவன்". இப்போது யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை) இருக்கிறது, மஞ்சள் கோடு போட்டது.

அட்டைக்கு அலைந்தபோது எந்தப் படிவம், எந்தச் சான்று, எந்த மேஜை, எந்தக் கிழமை என்று எல்லாவற்றையும் ஒரு எக்செல் தாளில் எழுதி வைத்தேன். எனக்காகத்தான் எழுதினேன். எங்கள் தெருவில் போலியோ பாதித்த ஒரு அக்கா கேட்டார், நிரப்பிக் கொடுத்தேன். அவர் சொல்லி இன்னொருவர் வந்தார். இப்போது ஞாயிறு காலை கதவைத் திறந்தால் திண்ணையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பஸ் பாஸ், உதவித்தொகை, காதுக்கருவி, மூன்று சக்கர வண்டி என்று ஆளுக்கொரு மனு. காபி போட்டே அம்மா சலித்துவிட்டார். எனக்குச் சலிக்கவில்லை. ஒவ்வொரு மனுவுக்கும் தேதி, ரசீது எண், பதில் வந்ததா என்று நிறம் கொடுத்து வைத்திருக்கிறேன். ஒரு சிவப்புக் கட்டம் பச்சையானால் அன்று முழுக்க நன்றாக இருக்கும்.

இதைப் பார்த்துவிட்டு எங்கள் வட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் செயலாளர் பொறுப்பு எடுக்கச் சொல்கிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், 2025-இல்தான் சட்டத்தைத் திருத்தி உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழி செய்துவிட்டார்களே, நகராட்சிக்கு விண்ணப்பம் போடு என்கிறார்கள்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். திடீரென்று போன் வந்தால் எனக்குப் பேச்சு வராது. மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் காதில் விழும், ஆனால் எது யாருடையது என்று பிரியாது. மைக் கீச்சிட்டால் எழுந்து வெளியே போய்விடுவேன். 10 மணிக் கூட்டம் 11.30க்குத் தொடங்கினால் அன்றைக்கு நான் எதற்கும் உதவமாட்டேன். யாரையும் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டேன். ஒரு அலுவலகத்தில் அதற்காகவே "பெரியவங்க முன்னாடி இப்படித்தான் நிப்பியா" என்று கேட்டார்கள். பொன்னாடை போர்த்த வந்தால் ஓடிவிடுவேன், அது தனிக் கதை.

இப்படிப்பட்டவன் செயலாளராக இருந்தால் சங்கத்துக்கு நல்லதா, கெட்டதா? ஆறுதல் வேண்டாம். சங்க வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரையூர் வாசகன்:

தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் பட்டதாரி, வேலைக்குப் போகிறீர்கள், கை கால் நன்றாக இருக்கிறது. நடக்க முடியாதவர், கண் தெரியாதவர் எத்தனையோ பேர் இருக்க, அந்த இடத்தை நீங்கள் எடுப்பது சரியா? செயலாளர் என்றால் நாலு அதிகாரிகளிடம் கம்பீரமாகப் பேசவும் வேண்டும்.

மேலூர் அண்ணன்:

தம்பி, எனக்கு இரண்டு காலிலும் காலிப்பர், அதாவது நடக்க மாட்டும் தாங்கி. 1990களிலிருந்து சங்க வேலைதான் பார்க்கிறேன்.

முதலில் பேரையூர்க்காரருக்கு ஒரு வார்த்தை. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, ஆட்டிசம் அதில் இல்லை. 2016 சட்டத்தில் 21 வகை, ஆட்டிசமும் உண்டு. அரசு வேலையில் இருக்கும் 4 சதவீத ஒதுக்கீட்டில் கண், காது, உடல் இயக்கம் மூன்றுக்கும் தலா ஒன்று. மிச்சமிருக்கும் ஒன்றை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். யார் இடத்தை யார் எடுக்கிறார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்களிடமும் ஒரு காலத்தில் "கண்ணு தெரியாதவனே சும்மா இருக்கான், உனக்கென்னய்யா" என்று கேட்டவர்கள் உண்டு.

இப்போது தம்பிக்கு. செயலாளர் வேலை என்றால் மினிட்ஸ் எழுதுவது, உறுப்பினர் பட்டியலைச் சரியாக வைத்திருப்பது, மனு எழுதி அது எந்த மேஜையில் தூங்குகிறது என்று துரத்துவது. இதைத்தான் நீங்கள் ஏற்கெனவே திண்ணையில் செய்கிறீர்கள். மைக் பிடிக்க மதுரை மாவட்டத்தில் ஆள் பஞ்சமா? பிடுங்கத்தான் ஆள் வேண்டும். ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தலைவன் என்றால் முன்னால் ஓட வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் அந்த இடமே வந்திருக்காது.

ஆனால் பொறுப்பு எடுக்கும் முன்பே உங்கள் தேவைகளைப் பொதுக்குழுவில் வைத்து, தீர்மானமாக மினிட்ஸில் ஏற்றுங்கள். வாய்வார்த்தையாக விட்டால் மூன்றாவது மாதம் மறந்துவிடுவார்கள். கூட்டப் பொருள் முன்கூட்டியே எழுத்தில் வர வேண்டும். ஒருவர் பேசி முடித்த பிறகே அடுத்தவர். குறித்த நேரத்துக்குத் தொடங்காவிட்டால் செயலாளர் கிளம்பிவிடுவார், மினிட்ஸைத் துணைச் செயலாளர் எழுதுவார். சங்கத்தின் போன் எண் உங்களுடையதாக இருக்கவே கூடாது, உங்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுத்து மட்டும். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். 2016 சட்டத்திலேயே "நியாயமான வசதி" என்று இருக்கிறது, நம்மாலும் மற்றவர்களைப் போலப் பங்கேற்க முடிகிற மாதிரி தேவையான மாற்றம் செய்து தருவது. கூட்டம் மாடியில் என்றால் நான் போகமாட்டேன், கீழே நடத்தச் சொல்வேன். நீங்கள் கேட்பதும் அதே உரிமைதான்.

தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுங்கள். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், எழுத்தில் கேள்வி, 30 நாளில் எழுத்தில் பதில். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. உங்களை மனதில் வைத்தே எழுதிய சட்டம் மாதிரி இருக்கிறது! திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு நீங்கள் போக வேண்டாம், அந்த நெரிசலில் எனக்கே தலை சுற்றும். மனுவை நீங்கள் எழுதுங்கள், கொடுக்க வேறு ஆள் போகட்டும்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் பயப்படுகிறேன். நீங்கள் சொன்னதைச் சொன்னபடி நம்புகிறவர் என்று எழுத்திலேயே தெரிகிறது. சங்கம் என்றால் கோஷ்டி இருக்கும். அவசரம் அவசரமாக வந்து "தம்பி, இதுல ஒரு கையெழுத்து மட்டும்" என்பார்கள். வெற்று வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள், கடவுளே வந்து கேட்டாலும். எந்தக் காகிதமானாலும் ஒரு நாள் கையில் வைத்துப் படித்துவிட்டுத்தான் கையெழுத்து என்று அதையும் தீர்மானத்தில் சேருங்கள். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் பொன்னாடையோடு வருவார்கள், அதற்குத் தலைவரை முன்னால் நிறுத்துங்கள்.

நகராட்சி விஷயம்: இப்போது வேண்டாம் என்பது என் எண்ணம். மன்றக் கூட்டத்தின் சத்தம் வேறு ரகம். சங்கத்தில் உங்களைச் சுற்றி நாலு பேர் பழகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

ஆனையூர் அம்மா:

தம்பி, என் மகனுக்கு 16 வயது. ஆட்டிசம், பேச்சு இல்லை. படம் காட்டித்தான் கேட்பான். உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நீங்கள் பொறுப்புக்கு வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். படித்து, வேலைக்குப் போய், எக்செல் போடும் ஒருவரை முன்னால் நிறுத்தினால் "ஆட்டிசம்னா இவ்வளவுதானா" என்று அதிகாரிகள் என் மகனைப் போன்றவர்களை மறந்துவிடுவார்களோ என்று பயம். அமெரிக்காவில் 2006-இல் ஏரி நீமன் என்பவர் மாணவராக இருந்தபோதே, ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அங்கேயும் பெற்றோர்கள் இதே சண்டையைப் போட்டார்கள். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. என் மகனைப் போன்ற குழந்தைகள் ஏன் காதைப் பொத்துகிறார்கள் என்று உள்ளிருந்து சொல்ல உங்களால் முடியும், என்னால் முடியாது.

உங்கள் திண்ணைக்கு ஆட்டிசப் பிள்ளைகளின் வீட்டார் வருகிறார்களா? வந்திருக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். கூட்டம் என்றாலே நாங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். எங்களுக்கென்று ஒரு தனி நேரம், ஒரு குடும்பம் மட்டும் என்று வையுங்கள்.

உங்கள் தாளில் இன்னொரு வரிசையும் சேருங்கள். பிள்ளைக்கு 18 ஆனதும் சட்டப்பூர்வப் பாதுகாவலர் தேவைப்பட்டால் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். இதெல்லாம் உசிலம்பட்டிப் பக்கக் கிராமங்களில் எத்தனை தாய்மாருக்குத் தெரியும்? கோவில் கோவிலாக மந்திரிக்கத்தான் அலைகிறார்கள். நான் பாண்டி கோவிலுக்கே போனேன். அதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் சான்றும் வேண்டுமே.

உசிலம்பட்டிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

பேரையூர் வாசகனுக்கு: கம்பீரம் என்னிடம் இல்லை, அது உண்மை. ரசீது எண் இருக்கிறது. அதைக் காட்டினால் அதிகாரிகள் கோப்பைத் தேடுகிறார்கள்.

ஆனையூர் அம்மாவுக்கு: நீங்கள் சொன்னது சரி, திண்ணைக்கு அப்படி ஒரு குடும்பமும் வந்ததில்லை. ஏன் வரவில்லை என்று நான் யோசித்ததே இல்லை. ஞாயிறு மாலை 4 முதல் 5 வரை ஒரு குடும்பத்துக்கு மட்டும் ஒதுக்குகிறேன். மின்விசிறி கடகடக்கும், அதை நிறுத்திவிடலாம், ட்யூப்லைட்டும் வேண்டாம், வெளிச்சம் போதும். உங்கள் மகன் சார்பாகப் பேசுகிறேன் என்று எங்கும் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்தது என் ஆட்டிசம் மட்டும்தான். பெற்றோர் ஒருவரும் செயற்குழுவில் இருக்க வேண்டும் என்று எழுதிக் கேட்கப்போகிறேன்.

மேலூர் அண்ணனுக்கு: நீங்கள் சொன்னவற்றைக் கடிதமாக டைப் செய்துவிட்டேன், ஒரு பக்கம். தலைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "என்னப்பா, கல்யாணப் பத்திரிகை மாதிரி இத்தனை வரி" என்று எழுதினார், அது சம்மதமா மறுப்பா என்று புரியவில்லை. திரும்பக் கேட்டதற்குச் "சரி" என்றார். பொதுக்குழுவில் தீர்மானமானால் பொறுப்பு எடுப்பேன், ஆகாவிட்டால் திண்ணையோடு சரி. நகராட்சிக்கு இப்போது விண்ணப்பிக்கவில்லை. ஆனால் "அப்புறம் பார்க்கலாம்" என்பதற்கு எனக்கு ஒரு தேதி வேண்டும் அண்ணே, இல்லாவிட்டால் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். அடுத்த சித்திரை என்று வைத்துக்கொள்ளலாமா?

அப்புறம், உங்கள் சங்க மினிட்ஸ் நோட்டில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், எந்த வடிவத்தில் எழுதுகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். பெயர்களை மறைத்துவிடுங்கள். கையெழுத்து கிறுக்கலாக இருந்தால் டைப் செய்து அனுப்பினால் நல்லது.